பம்ப் கம்பெனிக்கு இன்பிளான்ட் ட்ரெய்னிங் போறவங்க ஒரே ஒரு ஜாப்பை (பார்ட்டை) பிடிச்சுக்குங்க

மெக்கானிக்கலோ ப்ரொடக்‌ஷனோ படிக்கிறவங்க மூணாவது வருஷம் லீவுல ஃபேக்டரிக்குள்ளயே இருந்து கத்துக்கற இன்பிளான்ட் ட்ரெய்னிங் போறது கோயம்புத்தூர் பக்கம் ரொம்ப சகஜம். ஆனா போயிட்டு வந்த பசங்ககிட்ட என்னப்பா பாத்தேன்னு கேட்டா முக்கால்வாசி பேர் ஃபவுண்டரி (இரும்பை உருக்கி வார்க்கற இடம்) பாத்தேன், மெஷின் ஷாப் பாத்தேன், அசெம்பிளி பாத்தேன், டெஸ்டிங் பாத்தேன்னு வரிசையா சொல்லிடுவாங்க. சரி, டெஸ்டிங்ல என்ன டெஸ்ட் பண்ணாங்கன்னு அடுத்த கேள்வி கேட்டா முழிக்கறாங்க. அவங்கள குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, கிடைக்கறதே ரெண்டு மூணு வாரம், அதையும் டிபார்ட்மென்ட்டுக்கு ரெண்டு நாள்னு பிரிச்சு ஷெட்யூல் போட்டு கையில குடுத்துடறாங்க, ஒரு இடத்துல கால் ஊன்றதுக்குள்ள அடுத்த இடத்துக்கு கிளம்பணும். நான் ட்ரெய்னிங் போனப்ப ஒரு பழைய சூப்பர்வைசர் சொல்லிக்குடுத்த வழிய தான் இங்க எழுதறேன், இப்போ எங்க மெஷின் ஷாப்புக்கு வர்ற ஸ்டூடன்ட்ஸ்கிட்டயும் இதையே தான் சொல்றேன்: ஒரே ஒரு ஜாப்பை, அதாவது ஷாப்ல செய்யற ஒரு பார்ட்டை எடுத்துக்குங்க, அது மணல்ல அச்சா இருக்கறதுல இருந்து பெயின்ட் அடிச்சு பெட்டிக்குள்ள போற வரைக்கும் அது பின்னாடியே போங்க.

இதுக்கு கோயம்புத்தூர் மாதிரி ஊர் அமையறது கஷ்டம். 1932-ல நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்து கரண்ட் வந்ததுக்கு அப்புறம் மில்லும் மோட்டாரும் பம்பும் ஒண்ண ஒண்ணு புடிச்சு வளந்த ஊர் இது, 1937-லயே இங்க மோட்டார் செஞ்சு ஓட்டிட்டாங்க, அதனால பேட்டர்ன் (மணல்ல அச்சு எடுக்கற மாதிரி உரு) செய்யறவங்க, வார்க்கறவங்க, கடையறவங்க, காயில் கட்டறவங்க எல்லாரும் பீளமேடு, கணபதி, சின்னவேடம்பட்டி, குறிச்சி சிட்கோ, அரசூர்னு பக்கத்து பக்கத்துல இருக்காங்க. ஒரு கம்பெனிக்குள்ளயே எல்லாம் இல்லன்னாலும் உங்க ஜாப்பை தேடி அடுத்த ஷெட்டுக்கு டூவீலர்ல போயிட்டு வந்துடலாம்.

முதல்ல இடம் கிடைக்கணும். ஹெச்ஆருக்கு மெயில் போட்டுட்டு பதிலுக்கு உக்காந்திருந்தா லீவே முடிஞ்சிடும். ஹெச்ஓடி கையெழுத்து போட்ட பர்மிஷன் லெட்டர், போனஃபைட், காலேஜ் ஐடி ஜெராக்ஸ் மூணையும் ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துகிட்டு நேர்ல போங்க, லெட்டர்ல எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும்னு தெளிவா இருக்கணும். மாசக் கடைசில போகாதீங்க, டிஸ்பேட்ச் நெருக்கடில யாரும் நிமிந்து பாக்க மாட்டாங்க. பம்ப்புக்கு வெயில் காலம் தான் சீசன், அதனால மே மாசத்துல சேரணும்னா மார்ச்லயே சொல்லி வச்சுடணும். உங்க டிபார்ட்மென்ட் லேப்ல இருக்கற இன்ஸ்ட்ரக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்க, அவங்க முன்னாடி வேலை பாத்த கம்பெனில அவங்களுக்கு தெரிஞ்ச ஆளு யாராவது இருப்பாங்க, அந்த ஒரு ஃபோன் பத்து மெயிலுக்கு சமம்.

பெரிய கம்பெனியா சின்ன யூனிட்டான்னு எல்லாரும் கேக்கறாங்க. பெரிய கம்பெனில வரிசை ஒழுங்கா இருக்கும், போர்டு இருக்கும், 5எஸ் (எல்லாத்தையும் ஒழுங்கா, சுத்தமா வைக்கற முறை) இருக்கும், சேஃப்டி நல்லா இருக்கும், ஆனா தரைல போட்டிருக்கற மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்க தான் விடுவாங்க. ஜாப் ஒர்க் (வேற கம்பெனிக்கு கூலிக்கு செஞ்சு குடுக்கற வேலை) எடுத்து பண்ற சின்ன யூனிட்ல ஓனரே லேத் (கடைசல் மெஷின்) பக்கத்துல நிப்பாரு, ரெண்டாவது நாளே அளக்கற வெர்னியரை கையில குடுத்து இந்த பத்து பீஸை செக் பண்ணு தம்பின்னு சொல்லிடுவாரு. என்னைக் கேட்டா, சர்டிஃபிகேட்ல இருக்கற பேருக்காக பெரிய கம்பெனிக்கு போறதை விட கை படற இடம் தான் நல்லது. ரெண்டு சான்ஸ் இருந்தா சின்ன இடத்துக்கு முதல்ல போயிட்டு பெரிய இடத்துக்கு அப்புறம் போங்க, அப்ப தான் மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு பாத்த உடனே புரியும்.

காசு வாங்கிட்டு ட்ரெய்னிங் சர்டிஃபிகேட் குடுக்கற இடங்களும் இருக்கு, ஒரு ஹால்ல ப்ரொஜெக்டர் போட்டு அஞ்சு நாள் ஓட்டிட்டு சீல் அடிச்சு குடுத்துடுவாங்க. தயவு செஞ்சு அதுக்கு போகாதீங்க. இங்க பிஎஸ்ஜி டெக்ல சான்ட்விச் கோர்ஸ் படிக்கறவங்க 5 வருஷ படிப்புல ஃபேக்டரி வேலையையும் சேத்தே முடிக்கறாங்க, மத்தவங்களுக்கு கிடைக்கறது இந்த ரெண்டு மூணு வாரம் தான், அதையும் ஏசி ஹால்ல விட்டுட்டா அப்புறம் எப்ப ஷாப் ஃப்ளோர்ல நிக்க போறீங்க.

என்ன எடுத்துட்டு போகணும்னா, சேஃப்டி ஷூ சொந்தமா வாங்கிக்குங்க, கம்பெனில குடுக்கற ஷூ சைஸ் சேராது, சேராத ஷூவோட எட்டு மணி நேரம் நிக்க முடியாது. காட்டன் சட்டை போடுங்க, பாலியஸ்டர் வேண்டாம், ஃபர்னஸ் பக்கத்துல ஒரு பொறி பட்டா பாலியஸ்டர் உருகி தோல்ல ஒட்டிக்கும். பாக்கெட்ல அடங்கற சின்ன நோட்டு, ரெண்டு பென்சில், ஆறு இன்ச் ஸ்டீல் ஸ்கேல். ஃபோனை நிறைய இடத்துல கேட்லயே வாங்கி வச்சுடுவாங்க, இல்ல கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்க, அது ஒரு வகைல நல்லது தான், ஃபோட்டோ எடுத்தா திரும்ப பாக்கவே மாட்டீங்க, கையால வரைஞ்சா எந்த ஓட்டை எங்க இருக்குன்னு மனசுல நின்னுடும்.

சேஃப்டி பத்தி கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். கழுத்துல ஐடி கார்டு தொங்க விட்டுகிட்டு லேத் பக்கத்துல குனியாதீங்க, அதை கழட்டி பாக்கெட்ல வைங்க, ஜாப்பை பிடிச்சு சுத்தற சக்குல அந்த டேக் மாட்டினா உங்கள இழுத்துட்டு போயிடும். கையில மோதிரம், கயிறு, ப்ரேஸ்லெட் எல்லாம் கழட்டணும். ட்ரில்லிங் மெஷின்லயும் லேத்லயும் க்ளவுஸ் போடக்கூடாது, க்ளவுஸ் போட்டா கைக்கு பாதுகாப்புன்னு தோணும், ஆனா சுத்தற ட்ரில்லுல துணி சிக்கினா விரலும் சேந்து போகும். பொண்ணுங்க முடிய கொண்டை போட்டு தொப்பிக்குள்ள விட்டுக்கணும், துப்பட்டா வேண்டவே வேண்டாம், ஓவர்கோட் கேட்டு வாங்கிக்குங்க. பர் (வெட்டின இடத்துல நீட்டிகிட்டு நிக்கற கூர்) இருக்கற ஜாப் ஓரத்துல விரலை ஓட்டி பாக்காதீங்க, ப்ளேடு மாதிரி கிழிக்கும். ஃபவுண்டரில தரைல கிடக்கற இரும்பு கறுப்பா இருந்தா ஆறிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, 400 டிகிரில கூட அது கறுப்பா தான் இருக்கும், யாராவது தொடச் சொன்னா ஒழிய எதையும் தொடாதீங்க. உருகின இரும்பு இருக்கற பக்கம் தண்ணி பாட்டில் கொண்டு போகவே கூடாது, கொஞ்சம் தண்ணி அதுக்கு அடியில மாட்டினா போதும், ஆவியாகி வெடிச்சு இரும்பை நாலா பக்கமும் வாரி அடிக்கும்.

முதல் நாள் கேட்ல என்ட்ரி போட்டு, ஹெச்ஆர்ல கையெழுத்து போட்டு, ஒரு மணி நேரம் இன்டக்‌ஷன் கேட்டு, மதியத்துக்கு மேல தான் ஷாப்புக்குள்ள விடுவாங்க. அங்க உங்கள யார்கிட்ட விடறாங்களோ அவர்கிட்ட அன்னைக்கே கேட்டுடுங்க: சார், ஷெட்யூல்ல இருக்கற எல்லா இடத்துக்கும் போறோம், ஆனா ஒரே ஒரு பார்ட்டை மட்டும் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஃபாலோ பண்ணிக்கட்டுங்களா, எந்த பார்ட் எடுத்தா நல்லா இருக்கும்? இப்படி கேக்கற பையன் அவருக்கு வருஷத்துக்கு ஒருத்தன் கிடைச்சா பெருசு. பெரும்பாலும் சந்தோஷப்பட்டு அவரே ஒண்ணை எடுத்து காட்டுவாரு.

அவர் உங்களையே எடுக்கச் சொன்னா மோனோபிளாக் (மோட்டாரும் பம்ப்பும் ஒண்ணா சேந்த) பம்ப்போட எண்ட் ஷீல்டு எடுங்க. மோட்டாரோட ஒரு முனைய மூடற மூடி தான், பாக்க சாதாரண பார்ட், ஆனா நடுவுல பேரிங் உக்கார்ற வீடு இருக்கு, அது ஒண்ணு போதும் உங்க மூணு வாரத்துக்கும். உதாரணத்துக்கு அதுல 6205 பேரிங் வருதுன்னு வச்சுக்குங்க. கடைசி ரெண்டு நம்பரை 5-ஆல பெருக்கினா ஷாஃப்ட் சைஸ் வந்துடும், 05-ன்னா 25 எம்எம். வெளி விட்டம் 52, அகலம் 15. அப்போ எண்ட் ஷீல்டுல போர் (பேரிங் உக்கார்ற ஓட்டை) 52 எம்எம், ட்ராயிங்ல ஹெச்7-ன்னு (ஓட்டை அளவு எவ்ளோ கூடலாம்ங்கற குறி) போட்டிருந்தா 52.000-ல இருந்து 52.030 வரைக்கும் இருக்கலாம். முடியோட பாதி தடிமன் கூட இல்லாத அந்த 30 மைக்ரானை (0.030 எம்எம்) காப்பாத்த தான் மொத்த ஃபேக்டரியும் மூச்சு புடிச்சு நிக்குதுன்னு போகப்போக உங்களுக்கே தெரியும்.

பேட்டர்ன்ல இருந்து ஆரம்பிங்க. வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்கும், மீட்டருக்கு சுமார் 10 எம்எம், அதனால பேட்டர்னை அந்த அளவுக்கு பெருசா செஞ்சிருப்பாங்க, அதுக்கு மேல மெஷினிங்ல கடையறதுக்கு சதை விட்டிருப்பாங்க. ஸ்கேலை வச்சு பேட்டர்னையும் முடிஞ்ச ஜாப்பையும் அளந்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வைங்க. மோல்டிங்ல மணலை கையில எடுத்து இறுக்கி பிடிச்சு உடைச்சு பாக்கறவரை கவனிங்க, சிலிக்கா மணலும் பென்டோனைட் களிமண்ணும் நிலக்கரித் தூளும் தண்ணியும் சேந்த கலவை அது, ஈரம் 3-4 சதவீதம் தான் இருக்கணும், கூடிப்போனா ஊத்தும்போது ஆவியாகி இரும்புக்குள்ள குமிழா மாட்டிக்கும். லேப்ல மாய்ஸ்சர் பாக்கற மீட்டர் இருக்கும், ஆனா அந்த அண்ணன் கையிலயே பாதி தெரிஞ்சிடும், மீட்டர் ரீடிங்கை அவர் சொன்னதோட ஒப்பிட்டு பாருங்க.

ஃபர்னஸ்ல 1,350 - 1,400 டிகிரில ஊத்துவாங்க. ஊத்தறதுக்கு முன்னாடி ஆப்பு மாதிரி ஒரு சின்ன பீஸ் வார்த்து ஆற வச்சு உடைச்சு பாப்பாங்க, அதை கண்டிப்பா பாக்கணும். உடைஞ்ச முகத்துல மெலிசான முனை வெள்ளையா இருக்கும், தடிச்ச பக்கம் சாம்பல் கலர்ல இருக்கும். சீக்கிரம் ஆறின இடத்துல கார்பன் கிராஃபைட்டா பிரியாம ரொம்ப ஹார்டான கார்பைடா நின்னுடுது, அந்த வெள்ளை எவ்ளோ தூரம் உள்ள போயிருக்குன்னு பாத்து தான் கிராஃபைட்டா பிரிய வைக்கற ஃபெரோ சிலிக்கான் இன்னும் போடணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க. இத நோட்டுல தேதியோட எழுதி வைங்க, ஏன்னா ரெண்டு நாள் கழிச்சு மெஷின் ஷாப்ல இதே சமாச்சாரம் வேற ரூபத்துல வரும்.

எப்படின்னா, எண்ட் ஷீல்டு ஓரத்துல ரிப் மாதிரி மெலிசான இடம் இருக்கும், அங்க வெள்ளை இரும்பு வந்துட்டா சிஎன்சில (கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்ல ஓடற மெஷின்) டூல் அந்த இடத்த தொடும்போது கீச்னு ஒரு சத்தம் வரும். ஆபரேட்டர் திரும்பிக்கூட பாக்காம, இந்த லாட் ஹார்டா இருக்குன்னு சொல்லுவாரு. ஒரு நாளைக்கு ஓட வேண்டிய இன்சர்ட் (டூல் முனைல மாட்டற வெட்டற துண்டு) மதியத்துக்குள்ள முனை உடைஞ்சு போகும். மெஷின் ஷாப்புக்கு மட்டும் வந்து போற ஸ்டூடன்ட்டுக்கு இது டூல் ப்ராப்ளம்னு தான் தெரியும், ஜாப் பின்னாடியே வந்தவங்களுக்கு அந்த ஆப்பு பீஸ்ல பாத்த வெள்ளை முனை ஞாபகம் வரும். நான் ஒரு ஜாப்பை பிடிச்சுக்குங்கன்னு திரும்ப திரும்ப சொல்றது இதுக்காக தான்.

இன்சர்ட் பெட்டிய வாங்கி பாருங்க. வார்ப்பிரும்புக்கு சிவப்பு கலர் போட்ட கே கிரேடு, ஸ்டீலுக்கு நீலம், ஸ்டெயின்லெஸுக்கு மஞ்சள். சிஎன்எம்ஜி 120408-ன்னு எழுதியிருந்தா கடைசி 08 வந்து மூக்கு ரேடியஸ் 0.8 எம்எம்னு அர்த்தம். எந்த ஃபீடுல (ஒரு சுத்துக்கு டூல் நகர்ற தூரம்) என்ன ஃபினிஷ் வருதுங்கறது அந்த மூக்கை பொறுத்தது, புக்ல ஃபார்முலாவா படிச்சிருப்பீங்க, இங்க ஃபீட் எவ்ளோன்னு ப்ரோக்ராம்ல பாத்து கணக்கு போட்டு நகத்தால தடவி பாத்துக்கலாம்.

ஆபரேட்டர்கள்கிட்ட எப்படி பேசறதுன்னு தெரியாம தான் நிறைய பேர் சும்மா நின்னுட்டு வந்துடறாங்க. ஆபரேட்டர்னா அண்ணா, அக்கா, சூப்பர்வைசர்னா சார், அவ்ளோ தான், இங்கிலீஷ்ல பேச வேண்டாம், டிகிரி படிக்கிறோம்ங்கறத காட்டிக்க வேண்டாம். ஜாப் ஏத்தும்போதும் இறக்கும்போதும் எதுவும் கேக்காதீங்க, அப்ப தான் அவருக்கு கவனம் தேவை, கதவு மூடி சைக்கிள் ஓட ஆரம்பிச்சதும் ரெண்டு மூணு நிமிஷம் அவர் ஃப்ரீ, அது தான் உங்க நேரம். சம்பளம் எவ்ளோங்ணான்னு ஆரம்பிக்காதீங்க. இந்த மெஷின் என்ன மாடல்னும் கேக்க வேண்டாம், அது பக்கத்துலயே எழுதி இருக்கும். அவருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயத்தை கேளுங்க. இன்சர்ட்ட எப்ப மாத்தணும்னு எப்படிங்ணா கண்டுபுடிக்கறீங்கன்னு கேட்டா, சத்தம் மாறும் தம்பி, அப்புறம் போர் சைஸ் ரெண்டு மூணு மைக்ரான் குறைஞ்சுட்டே வரும், ஆஃப்செட் (டூல் நிக்கற அளவை மெஷின்ல திருத்தறது) குடுத்து குடுத்து பாப்பேன், ஒரு அளவுக்கு மேல போனா தூக்கி போட்டுடுவேன்னு சொல்லுவாரு. அதுல ஒரு முழு சாப்டர் இருக்கு. டீ டைம்ல அவங்க கூடவே போய் நில்லுங்க, ஸ்டாஃப் கேன்டீனுக்கு தனியா போகாதீங்க, மெஷின் பக்கத்துல சொல்லாதத டீ குடிக்கும்போது சொல்லுவாங்க.

அளக்கற இடத்துல நிறைய நேரம் செலவு பண்ணுங்க. வெர்னியர் 0.02 எம்எம் வரைக்கும், மைக்ரோமீட்டர் 0.01 எம்எம் வரைக்கும் காட்டும், காலேஜ்ல இதோட நிறுத்திடுவாங்க. 30 மைக்ரான் டாலரன்ஸ் இருக்கற போரை வெர்னியர்ல அளக்கவே கூடாது, அதுக்கு ஓட்டைக்குள்ள விட்டு அளக்கற போர் டயல் கேஜ். முதல்ல சரியா 52 எம்எம் இருக்கற செட்டிங் ரிங்ல ஜீரோ பண்ணிட்டு போருக்குள்ள விட்டு லேசா முன்னும் பின்னும் ஆட்டணும், முள்ளு ஒரு பக்கம் போயிட்டு திரும்பற இடம் தான் நிஜமான அளவு, ஆட்டாம பாத்தா சாய்வா நின்னு பெருசா காட்டும். ஆபரேட்டர் வழக்கமா ப்ளக் கேஜ் தான் போடுவாரு, அதுல கோ முனை உள்ள போகணும், நோ-கோ முனை போகக் கூடாது.

இத செஞ்சு பாக்கச் சொல்லி எல்லாருக்கும் சொல்றேன்: மெஷின்ல இருந்து இறக்கின உடனே சூடா இருக்கற ஜாப்பை போர் கேஜ்ல அளந்து எழுதுங்க. அதே ஜாப்பை சாக்பீஸ்ல மார்க் பண்ணி ஓரமா வச்சுட்டு சாப்பாடு முடிச்சு வந்து திரும்ப அளங்க. வார்ப்பிரும்பு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 10 மைக்ரான் மாதிரி விரியும், 52 எம்எம் போர் 20 டிகிரி சூடா இருந்தா சுமார் 10 மைக்ரான் பெருசா காட்டும், அதாவது 30-ல மூணுல ஒரு பங்கு சூட்டுலயே போயிடுது. சூடா இருக்கும்போது 52.005 காட்டினது ஆறினதும் 51.995 ஆகி நிக்கும், பேரிங் டைட்டா போகும், இல்ல உள்ள போகவே போகாது. அளவெடுக்கற ரெஃபரன்ஸ் டெம்பரேச்சர் 20 டிகிரின்னு படிச்சதெல்லாம் எதுக்குன்னு அந்த ஒரு ஜாப்ல புரிஞ்சிடும், ஸ்டாண்டர்டு ரூமுக்கு ஏன் ஏசி போட்டிருக்காங்கன்னும் புரியும்.

அடுத்தது சிவப்பு பின், ரிஜெக்‌ஷன் போடற இடம். அதை பாக்க விடறதுக்கு சில சூப்பர்வைசர் தயங்குவாங்க, நம்பர் வெளிய போயிடுமோன்னு பயம், நம்பர் எதுவும் எழுத மாட்டேன் சார்னு சொல்லி கேளுங்க. ப்ளோ ஹோல் (ஆவி குமிழா மாட்டின ஓட்டை), மணல் மாட்டினது, கோர் (உள்ள வெற்றிடம் வர வைக்கற மணல் கட்டி) நகந்து ஒரு பக்க சுவர் மெலிஞ்சது, ரெண்டு பக்கம் இருந்து வந்த இரும்பு சேராம கோடு விழுந்தது, போர் ஓவர் சைஸ் ஆனது. ஒவ்வொண்ணுலயும் எது ஃபவுண்டரி குத்தம், எது மெஷினிங் குத்தம்னு நீங்களே பிரிச்சு பாத்துட்டு அப்புறம் குவாலிட்டி ஆள்கிட்ட சரியான்னு கேளுங்க. கடைஞ்சதுக்கு அப்புறம் தான் ஓட்டை வெளிய தெரியும், அப்போ கடைஞ்ச கூலியும் போச்சு, அதனால தான் ஃபவுண்டரிக்கும் மெஷின் ஷாப்புக்கும் எப்பவும் வாய்த்தகராறு இருந்துட்டே இருக்கும். நீங்க ரெண்டு பக்கமும் நின்னவங்க, ரெண்டு பேர் சொல்றதும் உங்களுக்கு நியாயமா படும்.

சைக்கிள் டைம் ஒரு தடவையாவது நீங்களே எடுங்க. ஜாப் ஓடறது 4 நிமிஷம், ஏத்தி இறக்க 1 நிமிஷம்னா மணிக்கு 12, சாப்பாடு டீ போக ஏழரை மணி நேரத்துக்கு 90 வரணும். போர்டுல 75-ன்னு இருந்தா மீதி 15 எங்க போச்சுன்னு ஒரு ஷிஃப்ட் முழுக்க அந்த மெஷின் பக்கத்துலயே நின்னு எழுதுங்க: இன்சர்ட் மாத்தினது, கேஸ்டிங் வர லேட்டானது, கேஜ் அடுத்த மெஷினுக்கு போனது, சிப் (கடைசல் சீவல்) அள்ளினது, கரண்ட் போனது. ஆனா எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆபரேட்டர்கிட்ட, இது என் ரிப்போர்ட்டுக்கு தாங்ணா, உங்க பேரோ மெஷின் நம்பரோ போட மாட்டேன்னு சொல்லிடுங்க. பக்கத்துல ஒருத்தர் வாட்ச் பாத்து எழுதறது அவருக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க.

அசெம்பிளில உங்க எண்ட் ஷீல்டு மோட்டாரை பாக்கும். ஷாஃப்ட்ல பேரிங்கை ஏத்தும்போது உள் ரேஸ்ல (உள் வளையம்) தான் அழுத்தணும், வெளி ரேஸ்ல அழுத்தினா அந்த லோடு பால் வழியா போய் தடத்துல பள்ளம் விழும், மோட்டார் புதுசுலயே சத்தம் போடும். உங்க போர் டைட்டா இருந்தா என்ன ஆகும், லூஸா இருந்தா என்ன ஆகும்னு அங்க இருக்கறவங்ககிட்ட கேளுங்க, டைட்டா இருந்தா பேரிங் சூடாகும், லூஸா இருந்தா வெளி ரேஸ் வீட்டுக்குள்ளயே சுத்தி போரை தேய்ச்சுடும்னு கையில எடுத்தே காட்டுவாங்க.

டெஸ்டிங்ல இன்சுலேஷன், ஹை வோல்டேஜ், நோ லோடு கரண்ட் எல்லாம் பாத்துட்டு கடைசில தொட்டி மேல ஏத்தி ஓட்டுவாங்க. டெலிவரி வால்வை கொஞ்சம் கொஞ்சமா மூடி ஒவ்வொரு இடத்துலயும் ஹெட் (தண்ணி ஏர்ற உயரம்), டிஸ்சார்ஜ் (வர்ற தண்ணியோட அளவு), வாட்ஸ் மூணும் எழுதுவாங்க. ரீடிங்கை வாங்கி நீங்களே கணக்கு போடுங்க, செகண்டுக்கு 3 லிட்டர், 20 மீட்டர் ஹெட்னா 9.81-ஐ 3-ஆலயும் 20-ஆலயும் பெருக்கி 589 வாட்ஸ், மீட்டர்ல 1,400 வாட்ஸ் காட்டினா மொத்த எஃபிஷியன்சி 42 சதவீதம். மீதி 58 எங்க போச்சுன்னு கேளுங்க, மோட்டார் சூட்டுல கொஞ்சம், தண்ணிய தள்ளற இம்பெல்லர்ல கொஞ்சம், வேர் ரிங் (தேய்மானத்துக்கு போடற வளையம்) சந்துல திரும்ப வழியற தண்ணில கொஞ்சம். தோட்டத்துல ராத்திரி பகலா ஓடற பம்ப்புல அந்த சதவீதம் ஒண்ணு ரெண்டு கூடினாலும் எவ்ளோ கரண்ட் மிச்சம்னு டெஸ்டிங்ல இருக்கறவங்களுக்கு நல்லா தெரியும், ரொம்ப ஆசையா சொல்லுவாங்க.

எல்லா இடமும் இப்படி அமையும்னு சொல்ல மாட்டேன். ஒரு கம்பெனில எங்க செட்டை முதல் வாரம் முழுக்க ஸ்டோர்ல பழைய பில் அடுக்க வச்சாங்க, கேட்டா ஷாப்புல ஆடிட்னு சொன்னாங்க. அந்த மாதிரி ஆனா சண்டை போடாதீங்க, சும்மாவும் இருக்காதீங்க. ஸ்டோர்லயே உங்க ஜாப்போட ஜிஆர்என் (சரக்கு வந்து சேந்ததுக்கு போடற ரசீது) எடுத்து எந்த ஃபவுண்டரில இருந்து எத்தனை வந்து எத்தனை திரும்ப போச்சுன்னு பாருங்க, கூடவே காலேஜ் கைடுக்கு ஃபோன் பண்ணி அவர வச்சு ஹெச்ஆர்கிட்ட பேச சொல்லுங்க, ஸ்டூடன்ட் கேக்கறதை விட ஸ்டாஃப் கேட்டா சீக்கிரம் நடக்கும். பொண்ணுங்களுக்கு ஃபவுண்டரி வேண்டாம்மா, ஆஃபீஸ்ல உக்காந்து ட்ராயிங் பாருன்னு சொல்ற இடங்கள் இன்னும் இருக்கு, அக்கறைல தான் சொல்றாங்க, ஆனாலும் விட்டுக்குடுக்க வேண்டாம், ஷூவும் ஓவர்கோட்டும் ஹெல்மெட்டும் போட்டுகிட்டு ஊத்தற நேரத்துக்கு மட்டுமாவது சூப்பர்வைசர் கூட போறேன் சார்னு கேளுங்க. டாய்லெட் எங்க, கம்பெனி பஸ் எத்தனை மணிக்குங்கறத முதல் நாளே கேட்டு வச்சுக்குங்க.

ரிப்போர்ட்டை கடைசில எழுதலாம்னு விடாதீங்க, அன்னன்னைக்கு ராத்திரி அரைப் பக்கம் எழுதிடுங்க. கம்பெனி வரலாறு, விஷன், மிஷன்னு முதல் பதினஞ்சு பக்கத்தை வெப்சைட்ல இருந்து இறக்கி ஒட்டறத விட்டுடுங்க, வெளில இருந்து மார்க் போட வர்ற எந்த எக்ஸ்டர்னலும் அதை படிக்கறதில்ல. எண்ட் ஷீல்டோட ப்ராசஸ் ஷீட் ஒண்ணு நீங்களே போடுங்க, எந்த ஆபரேஷன், எந்த மெஷின், எதை பிடிச்சு எதை கடையறாங்க, எதால அளக்கறாங்க, என்ன தப்பு வரும், அது எங்க இருந்து வருது. கம்பெனி ட்ராயிங்கை அப்படியே போடக்கூடாது, அது அவங்க சொத்து, கையால ஸ்கெட்ச் போட்டு முக்கியமான சைஸ் மட்டும் குறிச்சு, முடிச்சதும் கம்பெனி கைடுகிட்ட காட்டி இதெல்லாம் வெளிய போகலாமா சார்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. சர்டிஃபிகேட்ல பேர் ஸ்பெல்லிங், ரெஜிஸ்டர் நம்பர், தேதி மூணும் சரியான்னு அங்கயே நின்னு பாத்து வாங்குங்க, காலேஜுக்கு வந்துட்டு திருத்த அலையறது பெரிய பாடு. கடைசி நாள் கையெழுத்து போடற ஆள் லீவுல இருப்பாரு, அதனால ரெண்டு நாள் முன்னாடியே கேட்டு வாங்கிடுங்க.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு தலைப்பு தேடி அலைய வேண்டியதும் இல்ல, அந்த 15 பீஸ் எங்க போச்சுங்கற கணக்குல ஒண்ணு இருக்கும், சூடான ஜாப்பை எப்படி அளக்கறதுங்கறதுல ஒண்ணு இருக்கும், அதே சூப்பர்வைசர்கிட்ட போய் இத பண்ணிக்குடுக்கட்டுங்களா சார்னு கேட்டா கதவு ஏற்கனவே பாதி திறந்து இருக்கும். டிகிரி முடிச்சதும் உடனே வேலை அமையலன்னா அப்ரண்டிஸ்ஷிப் போங்க, 1961 அப்ரண்டிஸ் சட்டத்துல 1973-ல இருந்து இன்ஜினியரிங் டிகிரி, டிப்ளமோ முடிச்சவங்களும் சேத்தி, ஒரு வருஷம், மாசா மாசம் ஸ்டைபண்டு உண்டு, நம்ம பக்கத்துக்கு சென்னை தரமணில இருக்கற அப்ரண்டிஸ்ஷிப் ட்ரெய்னிங் போர்டு தான் பாத்துக்குது, நாட்ஸ்ங்கற மத்திய அரசோட அப்ரண்டிஸ்ஷிப் போர்ட்டல்ல பேர் பதிஞ்சுக்கணும். இன்டர்வியூல இன்பிளான்ட்ல என்ன பண்ணீங்கன்னு கேட்டா டிபார்ட்மென்ட் பேரை வரிசையா சொல்லாதீங்க, 52 எம்எம் போர்னு ஆரம்பிங்க, அவங்களே அடுத்த கேள்விய அதுல இருந்து தான் கேப்பாங்க.